கம்ப்யூட்டரின் நாக்கைக் கழற்றியது யார்?

அத்தியாயம் 5

"ஓட்டையைக் காணோம் அக்கா!"

மேஜைக்கு அடியிலிருந்து கிங்ஸ்டனின் குரல் வந்தது. கையில் ஸ்பீக்கர் வயரின் முனையைப் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைத் தவிர எல்லோரையும் பார்த்துவிட்டு வந்தவன்போல விழித்தான்.

"நல்லாப் பாரு லே. ஸ்பீக்கர் மாட்டுத ஓட்டை இல்லாமலா கம்ப்யூட்டர் செய்வான்?" என்றாள் கரோலின்.

"கீபோர்டுக்கு இருக்கு, மவுஸுக்கு இருக்கு, பிரிண்டருக்கு ஒரு முழ நீளத்துக்கு இருக்கு. பாட்டுக்கு மட்டும் இல்ல. பெட்டி துறவறம் வாங்கிட்டு போல."

கரோலின் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் சத்தியம் செய்து சொன்ன பொய்களையெல்லாம் டைப் அடித்தவள். ஒருநாள் அலுத்துப்போய் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மாடியைப் பிடித்துத் துப்பறிய உட்கார்ந்துவிட்டாள். கிங்ஸ்டன் அதற்கு முன் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். ஊரில் ஆளுக்கொரு போன் வந்து அவன் கடையில் மண்ணைப் போட்டது. நாலு வருஷமாய் அவளிடம் வேலை பார்க்கிறான். வேலை பாதி, வாய் பாதி.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் மர்வா. இருபது வயது. காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் படிக்க வருகிறவள், இன்றைக்கு வாடகைக் கார் பிடித்து அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். மானிட்டர் மட்டும் ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருந்தது. மாடிப்படி ஏற்றிய கிங்ஸ்டனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"சின்னப்பிள்ளையில நான் இதுல பாட்டுக் கேட்டிருக்கேன் அண்ணே. கண்டிப்பா சத்தம் வந்துச்சு," என்றாள் மர்வா. "எங்க மாமாதான் ஆள் வச்சு ஏதோ செஞ்சிருக்காங்க. போன மாசம் வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியவே முறைச்சுப் பாத்துட்டுப் போனாங்க."

விஷயம் இதுதான். காயல்பட்டினத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். காலங்காலமாய் வாய்ச்சொல்லிலேயே நடந்துவருகிற காரியம் என்பதால், மர்வாவுடைய தாத்தா, அவள் உம்மாவைப் பெற்ற வாப்பா தாஜ் முகம்மது, பத்திர ஆபீஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மகள் ஷம்ஸியா வீட்டில் இருக்கிறாள், அப்புறம் பத்திரம் எதற்கு என்று இருந்துவிட்டார். ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனவர் அங்கேயே மவுத்தாகிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது சென்னையில் இருக்கும் மகன், மர்வாவின் மாமா இர்ஷாத்துக்குச் சட்டம் ஞாபகம் வந்திருக்கிறது. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு, வீட்டை விற்றுப் பிரி என்று கூடப்பிறந்த தங்கைமேல் கேஸ் போட்டுவிட்டார். திங்கட்கிழமை வாய்தா. ரம்ஜான் முடிந்து வருகிற ஷவ்வால் மாதம் மர்வாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை எந்த வீட்டுக்கு வந்து ஏறுவார் என்று சம்பந்தி வீட்டில் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள், வேறு பெண் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. கடைசியாய் லீவில் வந்தபோது தாஜ் முகம்மது இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, 'இந்த வீட்டை என் மகளுக்குக் குடுத்துட்டேன்' என்று மைக்கில் சொல்லி இதிலேயே பதிந்துவைத்தார். ஷம்ஸியா சின்ன வயதிலிருந்து மகளுக்குச் சொல்லி வளர்த்த கதை அது. வக்கீல் அதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாராம். கொடுத்தேன் என்று ஒருவர் சொல்லி, வாங்கிக்கொண்டேன் என்று மற்றவர் சொல்லி, குடியும் இருந்தால் போதும், அவர்கள் சட்டத்தில் பத்திரமே வேண்டாமாம். அந்தச் சொல் ஜட்ஜ் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி உயிரோடுதான் இருந்தது. பழைய விண்டோஸ் முக்கி முனகி எழுந்தது. VAPPA என்ற பெயரில் பதிவும் அப்படியே இருந்தது, தேதி 2002. அதைத் தட்டினால் மட்டும், சத்தம் எழுப்பும் கருவி எதுவும் இல்லை என்று கையை விரித்தது.

"டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்ல போட்டா அஞ்சு நிமிசத்துல கேட்டிரலாம்," என்றான் கிங்ஸ்டன்.

"வக்கீல் தலைபாடா அடிச்சுச் சொல்லியிருக்காரு லே. எந்தப் பெட்டியில பதிஞ்சுதோ அந்தப் பெட்டியே பேசணும். நீ டிஸ்க்குல கையை வச்சா, இடையில எதையோ சேத்துட்டானுவன்னு அடுத்த கட்சி வக்கீல் ஆடித் தீத்துருவான்." கரோலின் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். "நகரு."

பெட்டியின் முதுகில் வரிசையாய்த் தகரப் பட்டைகள். உள்ளே கார்டு சொருகாத இடங்களை மூடிவைக்கிறவை. ஒவ்வொன்றாய் வெளிச்சம் அடித்துக்கொண்டே வந்தவள் நாலாவதில் நிறுத்தினாள்.

"என்ன தெரியுது?"

"துரு."

"எல்லாத்துலயுமா?"

கிங்ஸ்டன் மறுபடி பார்த்தான். மற்ற ஐந்து பட்டைகளும் பழுப்பேறி, தொட்டால் கையில் ஒட்டுகிற துருவோடு இருந்தன. நாலாவது மட்டும் புதுச் சில்வர் கரண்டியாய்ப் பளபளத்தது.

"கடற்கரை ஊரு. காயல் காத்துக்கு மூணு மாசத்துல ஆணி துருப்பிடிக்கும். இது அந்தக் காத்தை ஒழுங்காக் குடிக்கவே இல்ல," என்றாள் கரோலின். "இங்கன இருந்த சவுண்டு கார்டைக் கழற்றிட்டு, பல்லு போன இடத்துல பொய்ப்பல்லு வச்ச மாதிரி வச்சிருக்கான். அதுவும் ஒரு மாசத்துக்குள்ள."

"யாரு அக்கா?"

"அதையும் எழுதி ஒட்டிட்டுத்தான் போயிருக்கான் புண்ணியவான். மூடியோட ஸ்குருவைப் பாரு."

ஸ்குருவின் தலையை மறைத்து ஒரு சின்ன ஸ்டிக்கர். குறுக்கே கையெழுத்து. பெட்டியைக் கடைக்காரரைத் தவிர வேறு யாராவது திறந்தால் கிழிந்து காட்டிக்கொடுக்க ஒட்டுவது. குமரன் கம்ப்யூட்டர்ஸ், முருகன்குறிச்சி. பெட்டியின் முன்பக்கத்திலும் அதே கடைப் பெயர் மங்கிப்போய் இருந்தது.

"வாங்குன கடையே ஒட்டுனதுதானே. இதுல என்ன இருக்கு?" என்றான்.

"முன்னால ஒட்டுனதுல லேண்ட்லைன் நம்பர். பின்னால ஒட்டுனதுல பத்து இலக்க செல் நம்பர், பக்கத்துல வாட்ஸ்அப் படம். ரெண்டாயிரத்து ரெண்டுல வாட்ஸ்அப் இருந்துச்சா லே?"

"அப்போ எங்க வீட்டுக்குப் போன் வரணும்னா எதிர்வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கத்தணும்," என்ற கிங்ஸ்டன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

மர்வாவை ஆபீசில் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். படியிறங்கும்போது கரோலின் ஒன்று சொன்னாள். "ஒரு கேள்வி என்னை அரிக்குது. இர்ஷாத் ஆள் வச்சிருந்தா, அந்தப் பதிவை ஏன் அழிக்கல? ஒரு பட்டனைத் தட்டினா முடிஞ்சுது. கழுத்தை அறுக்க வந்தவன் நாக்கை மட்டும் கழற்றிட்டுப் போவானா?"

"கம்ப்யூட்டர் தெரியாதவனா இருக்கும்."

"தெரியாதவன் கிணத்துல தூக்கிப் போடுவான் லே."

முருகன்குறிச்சியில் ஒரு சந்துக்குள் இருந்தது கடை. கடைக்காரர் குமரகுருபரன் மூக்கில் கண்ணாடியும் கையில் பற்றவைக்கும் கம்பியுமாய் ஒரு டிவி ரிமோட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கிங்ஸ்டன் போனில் எடுத்த ஸ்டிக்கர் படத்தைக் காட்டினான்.

"எங் கையெழுத்துதான். அதுக்கென்ன வே?"

"வாரண்டி முடிஞ்சு இருபது வருசமாச்சே அண்ணாச்சி. இன்னுமா ஸ்டிக்கர் ஒட்டுதீரு?"

"ஒட்டாம எங் கடைப்படியை ஒரு பெட்டி இறங்குனது கிடையாது. செத்த பெட்டியா இருந்தாலும் ஒட்டித்தான் அனுப்புவேன். நான் திறந்தேன், நான் மூடினேன். மறைச்சுச் செய்யுத தொழிலா இது?"

"இந்தப் பெட்டியில என்ன செஞ்சீங்க?" கரோலின் கேட்டாள்.

கம்பியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அதை ஏம்மா கேக்கீங்க. ஒரு மாசம் இருக்கும். பர்தா போட்ட அம்மா ஒருத்தங்க ஆட்டோல கொண்டுவந்தாவ. முகமெல்லாம் தெரியல. இதுக்குள்ள இருக்க பேச்சு அழியக் கூடாது, ஆனா இது பேசவும் கூடாதுன்னாவ. நாப்பது வருசத் தொழில்ல சத்தம் வரலன்னு வந்தவன்தான் உண்டு. சத்தத்தை எடுன்னு வந்தது அவிய ஒருத்தங்கதான். ஸ்பீக்கரைக் கழற்றி எறியுங்க போதும்னேன். எவனாவது வேற ஸ்பீக்கர் மாட்டிருவான், வேரோட எடுங்கன்னுட்டாவ."

"கார்டு எங்க?"

"கழற்றுன சாமான் கஸ்டமருக்குச் சொந்தம். கவர்ல போட்டு அவிய கையிலயே குடுத்தேன். அந்தக் காலத்துக் கார்டு இனிக் காயலான் கடையிலயும் கிடைக்காது."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

குமரகுருபரன் கொஞ்சம் தயங்கினார். "கழற்றுததுக்கு முன்னால ஒருக்கா கேக்கணும்னாவ. என்னை வெளியில போய் நிக்கச் சொன்னாவம்மா! எங் கடைக்கு வெளியில, நானே! பத்து நிமிசம் வெயில்ல நின்னேன். திரும்பி உள்ளே வந்தா, முகத்திரையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. ஒண்ணும் கேக்கத் தோணல. கழற்றிக் குடுத்துட்டேன்."

வெளியே வந்ததும் கிங்ஸ்டன் விரலைச் சொடுக்கினான். "இர்ஷாத்தோட பெண்டாட்டி! மாட்டிக்கிட்டா அக்கா."

"அவ எதுக்கு லே அழணும்?"

கரோலின் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, பஸ் இரைச்சலுக்கு நடுவே யாருக்கோ போன் பேசினாள். இரண்டு நிமிஷம்கூட இல்லை. திரும்பி வந்தபோது அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. "பைய ஓட்டு. ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றாள். எதற்கு என்று கேட்டால் கடிப்பாள் என்று தெரிந்து அவனும் வாயைக் கட்டிக்கொண்டான்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மாடிப்படியில் ஏறி வந்தவள், கரோலின் போனில் கூப்பிட்டிருந்த ஷம்ஸியா.

"உம்மா! நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று மர்வா எழுந்தாள்.

ஷம்ஸியா மகளைப் பார்க்கவில்லை. முகத்திரையை ஒதுக்கினாள். நாற்பத்தொன்றுதான் வயது, கண்ணுக்குக் கீழே அதற்கு மேல் பத்து வயது ஏறியிருந்தது. கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பச்சைத் தகட்டை மேஜையில் வைத்தாள். சவுண்டு கார்டு.

கிங்ஸ்டன் இத்தனை வருஷத்தில் முதல்முறையாய்ச் சொல்ல நினைத்த வார்த்தையை விழுங்கினான்.

"மாமா இல்ல," என்றாள் ஷம்ஸியா. "நான்தான் கழற்றச் சொன்னேன். வக்கீல் இதைக் கேக்கணும்னு பிடிவாதமா நின்னாரு. நீயும் நின்னே. எனக்கு வேற வழி தெரியல. அழிக்கலாம்னு பாத்தேன், வாப்பா குரல் இது ஒண்ணுதான் இருக்கு. கை வரல."

"நம்மளைக் காப்பாத்துத பேச்சை ஏன் உம்மா மறைக்கணும்?"

"மர்வா கொஞ்சம் வெளியில இருக்கட்டும் அக்கா," என்று கரோலினைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"நான் போக மாட்டேன்," என்றாள் மர்வா.

கரோலின் தலையை அசைத்தாள். கிங்ஸ்டன் ஸ்டிக்கரைக் கிழித்து, ஸ்குருவைத் திருகி, பளபளத்த பட்டையைக் கழற்றிவிட்டுக் கார்டை அதன் பழைய இடத்தில் அழுத்தினான். சொந்த வீட்டுக்குத் திரும்பியதுபோல அது கச்சிதமாய் உட்கார்ந்துகொண்டது. டிரைவரெல்லாம் டிஸ்க்கில் ஏற்கனவே இருந்ததால் விண்டோஸ் மறுபேச்சு பேசவில்லை. பெட்டி எழுந்து, ஆரம்ப இசையைக் கரகரவென்று ஊதியது. வேறு நாளாயிருந்தால் கிங்ஸ்டன் கைதட்டியிருப்பான். VAPPA என்பதைத் தட்டினான்.

முதலில் இருமல். பிறகு, "பேசுதா? பதியுதா இது?" என்று கனத்த ஆண் குரல். தூரத்தில் யாரோ சிரித்தார்கள்.

"தாஜ் முகம்மது பேசுதேன். நாளன்னைக்கு எனக்குப் பயணம். புத்தி தெளிவா இருக்கும்போதே சொல்லுதேன். இந்த வீட்டை என் மக ஷம்ஸியாவுக்குக் குடுத்துட்டேன். ஷம்ஸியா, வாங்கிக்கிட்டேன்னு சொல்லும்மா."

மர்வாவின் முகம் மலர்ந்தது. அப்போது ஸ்பீக்கரில் ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் காயல் குரல். "அப்ப இர்ஷாத் காக்கா?"

"அவன் பேரை எடுக்காதே. வாங்கிக் குடுத்த வேலையை விட்டுட்டு ஓடுனவன். இந்த வாசப்படியில அவன் ஏறக் கூடாது."

"காக்கா ஏறாத வீடு எனக்கு வேண்டாம் வாப்பா."

"ஏய், பதியுதும்மா இது."

"பதியட்டும். நான் வாங்கிக்கிடல. காக்காவுக்கே குடுங்க. நான் அவன் வீட்டுல இருந்துக்கிடுதேன். என்னை வெளியில போன்னா சொல்லிருவான்?"

தாஜ் முகம்மது சிரித்தார். "கிறுக்கி! சரி, அப்படின்னா இப்ப யாருக்கும் இல்ல. அடுத்த பயணம் வந்து பேசிக்கிடுவோம். அமத்து, அமத்து."

டக். அவ்வளவுதான். அந்த அடுத்த பயணம் அவருக்கு வாய்க்கவில்லை.

கீழே ஜவுளிக்கடையில் யாரோ சேலையை விரித்து உதறும் சத்தம் கேட்டது. மர்வா நாற்காலியை உம்மா பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பாதிக் கதையைத்தான் எனக்குச் சொன்னீங்களா உம்மா?"

"பத்தொம்பது வயசு எனக்கு. காக்கான்னா உசிரு."

"எனக்கு இருபது வயசு. எனக்கு வீடு எங்க?"

மர்வா கிங்ஸ்டன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உம்மாவோட வாப்பா குடுத்தேன்னு சொன்னதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை வெட்டிருங்க. உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். இரண்டு நிமிஷ வேலை. கிங்ஸ்டனுக்கு நிஜமாகவே கை அரித்தது. நல்லவள் ஏமாந்து, கெட்டவன் கொழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவனால் முடியவில்லை. கரோலினைப் பார்த்தான்.

"வெட்ட மாட்டோம்," என்றாள் அவள். "பொய்யை டைப் அடிச்சது போதும்னுதான் இங்க வந்தேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும்னு உங்களுக்குக் கட்டாயம் இல்ல. நாங்களும் வாயைத் திறக்க மாட்டோம். இருபத்திரண்டு வருசம் குடியிருந்ததை வச்சு, ஊர் வழக்கத்தை வச்சு, ஜமாஅத்துல நாலு பேரைச் சாட்சிக்கு வச்சு வக்கீல் வாதாடட்டும். கஷ்டம்தான். ஆனா வழி அடைபடல. இப்படி ஒரு பதிவு இருக்குன்னு இர்ஷாத்துக்குத் தெரியாத வரைக்கும்தான் அது."

ஷம்ஸியா சட்டென்று நிமிர்ந்தாள். "காக்காவுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அதனாலதான் கேஸ் போட்டிருக்கான் அக்கா! நான் வீட்டை அமுக்கிக்கிட்டேன்னு நினைச்சிருக்கான். அவனுக்காக வேண்டாம்னு சொன்னேன்னு தெரிஞ்சா விட்டுருவான். எனக்குத் தெரியும். என் காக்கா அவன்." பேசிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள்.

"ஷம்ஸியா, போனைக் கீழ வை," என்று எழுந்தாள் கரோலின்.

"உம்மா, வேண்டாம் உம்மா!"

மணி அடித்தது. இர்ஷாத் எடுத்துவிட்டார். ஷம்ஸியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன ஷம்ஸியா, நீயா போன் போட்டு ஒரு வருசம் இருக்குமே?"

"ஒண்ணும் பேசாம இதைக் கேளு காக்கா." போனைப் பெட்டியின் ஸ்பீக்கர் அருகே வைத்துவிட்டு, மவுஸைத் தானே பிடித்துத் தட்டினாள். கரோலின் குறுக்கே கை நீட்டினாள். ஆனால் அதற்குள் தாஜ் முகம்மது இரும ஆரம்பித்துவிட்டார். அவரவர் வாப்பாவின் குரலை அவரவர் கேட்பதை எப்படித் தடுப்பது? கை பாதியில் நின்றது.

பதிவு ஓடி முடிந்தது. மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கனத்து, இழுத்து, ஒரு தடவை தொண்டை அடைத்த மாதிரி. அழுகிறார் என்று கிங்ஸ்டன் நினைத்தான். இந்த ஆளைப்பற்றிக் காலையிலிருந்து நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டான்.

"வாப்பா குரலு..." என்றார் இர்ஷாத்.

"ஆமா காக்கா!" ஷம்ஸியா அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குத் தெரியும், நீ கேட்டா..."

"இது எங்க இருக்கு? நம்ம வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்லயா?"

"அதுலதான்."

"நீ வாங்கிக்கிடலன்னு உன் வாயாலயே சொல்லியிருக்க." இப்போது குரலில் அடைப்பு எதுவும் இல்லை. "திங்கட்கிழமை அந்தப் பெட்டியைக் கோர்ட்டுக்குக் கொண்டாரச் சொல்லி என் வக்கீல் மனு போடுவாரு. அதுல ஒரு சொல்லும் அழியக் கூடாது. பத்திரமா வச்சிரு. கேட்டுதா?"

மர்வா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கரோலின் மேஜையில் கையை ஊன்றியபடி நின்றாள். ஷம்ஸியா ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து போனை மெதுவாய் எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"சரி காக்கா," என்றாள்.